டச்சு எச்சங்களும் சொல்வரிசையும்: தமிழிலிருந்தே தொடங்கும் வழி

நெதர்லாந்துக்கோ பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கோ வந்து டச்சு படிக்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். பாடப்புத்தக விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆசிரியரும் சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். சொற்களைக் கற்க அது நன்றாகவே உதவும். வாக்கிய அமைப்புக்கு வரும்போது அதே ஆங்கிலம் குறுக்கே நிற்கும். வினையை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுவதும், ஒரு முழுச் செயலையே பெயருக்கு முன்னால் அடைமொழியாக வைப்பதும் ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அந்நியம். தமிழருக்கோ அவை பிறந்ததிலிருந்து பழகியவை. ஆகவே பள்ளியில் படித்த முற்று, பெயரெச்சம், வினையெச்சம், வினையாலணையும் பெயர் ஆகிய நான்கையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அவற்றை வைத்தே நடக்கிறது.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் நெதர்லாந்தின் குடியேறியோர் ஒருங்கிணைப்புச் சட்டம், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் முன்பு ஏ2 ஆக இருந்த மொழி இலக்கை பி1 நிலைக்கு உயர்த்தியிருக்கிறது. ஏ2 வரை சிறு வாக்கியங்களால் சமாளித்துவிடலாம். பி1 என்றால் ‘ஏனென்றால்’, ‘பிறகு’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புகளோடு நீண்ட வாக்கியங்களை அமைத்துப் பேச வேண்டும், எழுதவும் வேண்டும். நன்றாகப் படிப்பவர்கள்கூடத் தடுமாறும் இடம் அதுதான்.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. டச்சுச் சொற்களை இங்கே ஒலியை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டச்சில் தொண்டையை உரசிக்கொண்டு வரும் அந்தப் பெயர்பெற்ற ஒலிக்கு ‘ஃக’ என்று எழுதியிருக்கிறேன். ‘எஃகு’ என்பதை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே ஒலி. ‘த’ வரும் இடமெல்லாம் ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய தகரம். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முற்றையும் எச்சத்தையும் பிரித்துப் பாருங்கள்

‘வாங்கியிருக்கிறேன்’ என்பதில் இரண்டு துண்டுகள் உள்ளன. ‘வாங்கி’ எச்சம், அதைப் பார்த்து யார் வாங்கியது என்று சொல்ல முடியாது. ‘இருக்கிறேன்’ முற்று, நான்தான் என்பதை அதன் விகுதி காட்டிவிடுகிறது. டச்சிலும் இதே பிரிவு உண்டு. ஆளுக்கு ஏற்ப மாறும் வினையை ‘பெர்ஸோன்ஸ்வோர்ம்’ என்பார்கள், அது நம் முற்று. எச்சத்துக்குப் பெயர் ‘தேல்வோர்ட்’. அதில் இரு வகை உண்டு. செயல் முடிந்ததைக் காட்டுவது ‘வோல்டோய்ட் தேல்வோர்ட்’, நடந்துகொண்டிருப்பதைக் காட்டுவது ‘ஒன்வோல்டோய்ட் தேல்வோர்ட்’. வகுப்பில் இந்தச் சொற்கள் ஓயாமல் காதில் விழும்.

எந்த டச்சு வாக்கியத்தைக் கண்டாலும் முதலில் முற்று எது என்று தேடி அடிக்கோடு போடுங்கள். பிறகு எச்சத்தைத் தேடுங்கள். நடுவில் கிடப்பது எதுவாக இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எச்சத்தை உருவாக்குதல்

இது மனப்பாட வேலை, சுருக்கமாகவே சொல்கிறேன். ஒழுங்கான வினைகளில் அடிச்சொல்லுக்கு முன்னால் ‘ஃகெ’ வரும், பின்னால் ‘ட்’ ஒலி வரும்: ‘வெர்க்கன்’ (வேலை செய்ய) ‘ஃகெவெர்க்ட்’ ஆகும், ‘வோனன்’ (வசிக்க) ‘ஃகெவோன்ட்’ ஆகும். பேச்சில் இரண்டின் முடிவும் ஒன்றுபோல் ஒலித்தாலும் எழுத்தில் முன்னதற்கு வல்லின ‘ட்’, பின்னதற்கு மெல்லிய ‘த்’. எதற்கு எது என்று நினைவில் வைக்க டச்சுப் பிள்ளைகள் பள்ளியில் ‘கொஃப்ஸ்ஃகிப்’ என்ற பழைய பாய்மரச் சரக்குக் கப்பலின் பெயரைப் படிக்கிறார்கள். முன்னால் ஒட்டும் ‘ட்’ என்ற சிறு சொல்லையும் சேர்த்து அதில் உள்ள மெய்யொலிகள் ட், க், ஃப், ஸ், ஃக், ப். வினையின் வேர் இவற்றில் ஒன்றில் முடிந்தால் வல்லினம் எழுதுங்கள், இல்லாவிட்டால் மெல்லியது.

ஒழுங்கற்ற வினைகளில் பெரும்பாலானவற்றின் எச்சம் ‘அன்’ ஒலியில் முடியும்: ‘லேஸன்’ (படிக்க) – ‘ஃகெலேஸன்’, ‘ஸ்ஃக்ரைவன்’ (எழுத) – ‘ஃகெஸ்ஃக்ரேவன்’, ‘த்ரிங்கன்’ (குடிக்க) – ‘ஃகெத்ரொங்கன்’. இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது, பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

பெ, வெர், ஒன்ட், ஹெர் போன்ற அழுத்தமற்ற முன்னொட்டு ஏற்கெனவே இருந்தால் ‘ஃகெ’ வராது: ‘பெடால்ட்’ (பணம் கட்டிய), ‘வெர்ஹௌஸ்ட்’ (வீடு மாறிய). பிரியும் வினைகளில் ‘ஃகெ’ நடுவில் நுழையும்: ‘இன்வுலன்’ (படிவம் நிரப்ப) என்பது ‘இன்ஃகெவுல்ட்’ ஆகும், ‘ஆன்கோமன்’ (வந்து சேர) என்பது ‘ஆன்ஃகெகோமன்’ ஆகும்.

நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் எச்சம் மிக எளிது. வினையின் அகராதி வடிவத்தோடு ஒரு ‘த்’ சேர்த்தால் போதும்: ‘ஸ்லாப்பன்’ (தூங்க) – ‘ஸ்லாப்பன்ட்’, ‘லஃகன்’ (சிரிக்க) – ‘லஃகன்ட்’.

மூன்றாம் படி: தமிழ் வாக்கியத்திலிருந்து முற்றை மட்டும் நகர்த்துங்கள்

‘நான் நேற்று டெல்ஃப்டில் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன்.’ இந்த வாக்கியத்தில் ‘இருக்கிறேன்’ என்பதை மட்டும் பிய்த்து இரண்டாம் இடத்தில் வையுங்கள்: நான் – இருக்கிறேன் – நேற்று – டெல்ஃப்டில் – ஒரு சைக்கிள் – வாங்கி. இப்போது டச்சுச் சொற்களைப் போடுங்கள்:

‘இக் ஹெப் ஃகிஸ்டரன் இன் டெல்ஃப்ட் அன் ஃபீட்ஸ் ஃகெகொஃக்ட்.’

வேறு எதையும் தொட வேண்டியதில்லை. முற்று இரண்டாம் இடத்தில், எச்சம் கடைசியில். இந்த இரண்டும் மீதி எல்லாவற்றையும் நடுவில் பிடித்து வைத்திருப்பதால் டச்சு இலக்கணத்தில் இதை ‘டங்’, அதாவது இடுக்கி என்கிறார்கள். ‘நேற்று வாங்கினேன்’ என்று நாம் சொல்லும் இடத்திலும் டச்சுப் பேச்சில் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான் வரும். ஆகவே இதைப் பழகிவிட்டால் அன்றாடப் பேச்சில் இறந்தகாலத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது கூறு. ‘நேற்று’ என்று தொடங்கினால் முற்று அதற்கடுத்து வந்துவிடும், எழுவாய் அதன் பின்னால் போகும்: ‘ஃகிஸ்டரன் ஹெப் இக் இன் டெல்ஃப்ட் அன் ஃபீட்ஸ் ஃகெகொஃக்ட்.’ இந்த இடத்தில் ‘ஃகிஸ்டரன் இக் ஹெப்’ என்று சொல்லிவிடுவது ஆங்கிலத்தின் வேலை. புதிதாகப் படிப்பவர்களிடம் நான் மிக அதிகம் கேட்கும் பிழையும் இதுதான்.

நடுப்பகுதியின் வரிசை நமக்குச் சாதகமானது. எப்போது, எப்படி, எங்கே என்ற வரிசையில் வந்தால் இயல்பாக இருக்கும். ‘நான் நாளை ரயிலில் உட்ரெக்ட் போகிறேன்’ என்பதில் முற்றை நகர்த்தினால் ‘இக் ஃகா மோர்ஃகன் மெட் த ட்ரைன் நார் உட்ரெஃக்ட்.’

இடுக்கி ஒரேயடியாக இறுக்கமானது அல்ல. முன்னிடைச் சொல்லோடு, அதாவது நம் வேற்றுமை உருபின் வேலையைப் பெயருக்கு முன்னால் நின்று செய்யும் சொல்லோடு, வரும் தொடர் எச்சத்துக்குப் பின்னால் நழுவலாம். ‘பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்’ என்பதை ‘இக் ஹெப் ஓப் த புஸ் ஃகெவஃக்ட்’ என்றும் சொல்லலாம், ‘இக் ஹெப் ஃகெவஃக்ட் ஓப் த புஸ்’ என்றும் சொல்லலாம். செயப்படுபொருளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ‘இக் ஹெப் ஃகெகொஃக்ட் அன் ஃபீட்ஸ்’ என்பது பிழை.

துணைவினை ‘ஹெபன்’ (முற்றாக ‘ஹெப்’, ‘ஹேஃப்ட்’) ஆ ‘ஸைன்’ (முற்றாக ‘பென்’, ‘இஸ்’) ஆ என்ற கேள்வியும் இங்கே வரும். பெரும்பாலான வினைகளுக்கு ‘ஹெபன்’. ஓரிடம் போய்ச் சேர்வதையும் நிலை மாறுவதையும் சொல்லும் வினைகளுக்கு ‘ஸைன்’: போக, வர, விழ, இறக்க, தொடங்க. ஒரே வினை இரண்டையும் எடுப்பதுண்டு. இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன் என்றால் ‘இக் ஹெப் ட்வே ஊர் ஃகெஃபீட்ஸ்ட்’. சைக்கிளில் உட்ரெக்ட் போய்ச் சேர்ந்தேன் என்றால் ‘இக் பென் நார் உட்ரெஃக்ட் ஃகெஃபீட்ஸ்ட்’. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் இது திரும்பவும் தேவைப்படும்.

நான்காம் படி: துணை வாக்கியத்தில் முற்று வீடு திரும்புகிறது

‘ஓம்தட்’ (ஏனென்றால்), ‘தட்’ (என்று), ‘அல்ஸ்’ (ஆல்), ‘டூன்’ (போது), ‘நாதட்’ (பிறகு), ‘ஹூவெல்’ (இருந்தாலும்) ஆகியவை வந்தால் முற்றும் கடைசிக்குப் போய்விடும்:

‘ஓம்தட் இக் ஃகிஸ்டரன் அன் ஃபீட்ஸ் ஃகெகொஃக்ட் ஹெப்.’

நான் – நேற்று – ஒரு சைக்கிள் – வாங்கி – இருக்கிறேன். அப்படியே தமிழ் வரிசை! ஒரே வேறுபாடு, ‘தால்’ என்று நாம் கடைசியில் சேர்ப்பதை அவர்கள் ‘ஓம்தட்’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த இடத்தில் தமிழர்கள் தயங்க வேண்டிய காரணமே இல்லை.

‘வன்ட்’ என்ற சொல்லுக்கும் ‘ஏனென்றால்’ என்றுதான் பொருள், ஆனால் அதன் பின்னால் முற்று இரண்டாம் இடத்திலேயே இருக்கும். ‘என்’ (மற்றும்), ‘மார்’ (ஆனால்) ஆகியவையும் அப்படியே. நாக்கு இன்னும் பழகாதவர்கள் அவசரத்துக்கு ‘வன்ட்’ போட்டுப் பேசிக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

இப்போது ஒரு சந்தேகம் வரும். புத்தகத்தில் ‘ஃகெகொஃக்ட் ஹெப்’ என்று இருக்கும், செய்தித்தாளில் ‘ஹெப் ஃகெகொஃக்ட்’ என்று இருக்கும். இரண்டும் சரி. முன்னதைப் பச்சை வரிசை, பின்னதைச் சிவப்பு வரிசை என்பார்கள். 1953இல் மொழியியலாளர் பாவெல்ஸ் செய்த வட்டார வழக்கு ஆய்வின் வரைபடங்களில் இந்த இரண்டு வழக்குகளையும் காட்டிய நிறங்கள் அப்படியே பெயராக நிலைத்துவிட்டன. நெதர்லாந்தின் எழுத்து வழக்கில் சிவப்பு மிகுதி, பேச்சில் பச்சை தாராளமாக வரும். ஃபிளாண்டர்ஸ் பேச்சில் இன்னும் அதிகம். என் அறிவுரை: ஒரு துணைவினையும் ஒரு எச்சமும் மட்டும் இருக்கும்போது பச்சையையே பிடித்துக்கொள்ளுங்கள். அது நம் ‘வாங்கியிருக்கிறேன்’ வரிசை என்பதோடு, சிவப்பு பொருந்தாத இடத்திலும் அது பொருந்தும். ‘கடை மூடியிருக்கிறது’ என்ற நிலையைச் சொல்லும்போது எச்சம் வெறும் பெயரடை போல ஆகிவிடுகிறது. அப்போது ‘ஓம்தட் த விங்கல் ஃகெஸ்லோட்டன் இஸ்’ என்ற பச்சை வரிசைதான் வரும்.

வினை மூன்றாகிவிட்டால் இன்னொரு புதுமை சேரும். ‘படிக்க விரும்பியிருக்கிறேன்’ என்பதில் ‘விரும்பி’ எச்சமாக வர வேண்டும், ‘ஃகெவில்ட்’. ஆனால் இன்னொரு வினை பின்தொடர்வதால் எச்சத்துக்குப் பதிலாக அகராதி வடிவமே வந்து உட்கார்ந்துவிடும்: ‘இக் ஹெப் ஹெட் புக் விலன் லேஸன்.’ அவள் வருவதைப் பார்த்தேன் என்பதும் அப்படியே, ‘இக் ஹெப் ஹார் ஸீன் கோமன்’, ‘ஃகெஸீன்’ அல்ல. துணை வாக்கியத்தில் இந்த அமைப்பு வந்தால் பச்சை செல்லாது, துணைவினை முன்னால் வரும்: ‘ஓம்தட் இக் ஹெட் புக் ஹெப் விலன் லேஸன்’. இதை முதல் மாதத்திலேயே பேசிப் பழகத் தேவையில்லை, காதில் விழும்போது புரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: பெயரெச்சம், நம் சொந்த நிலம்

‘என் அம்மா பொரித்த மீன்.’ டச்சில்: ‘த தோர் மைன் மூதர் ஃகெபக்கன் விஸ்.’

‘த’ என்பது மீனுக்கு உரிய சுட்டு. ‘தோர் மைன் மூதர்’ – என் அம்மாவால். ‘ஃகெபக்கன்’ – பொரித்த. ‘விஸ்’ – மீன். சுட்டும் ‘தோர்’ என்பதும் மட்டும் கூடுதல். மீதி வரிசை தமிழேதான். இத்தகைய நீண்ட தொடரைப் பெயருக்கு முன்னால் வைக்க ஆங்கிலம் இடம் தராது. அதனால்தான் ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு ‘த தோர்’ என்று இரு சிறு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும்.

வீட்டுப் பேச்சில் இந்த அமைப்பு அரிது. கடிதங்களில்தான் வரும்: நகராட்சி, வரித்துறை, காப்பீட்டு நிறுவனம், வீட்டு வாடகை ஒப்பந்தம். அதாவது தப்பாகப் புரிந்துகொண்டால் பணமும் காலமும் செலவாகும் இடங்களில். ஆகவே இதை எழுதக் கற்பதைவிடப் படிக்கக் கற்பது முக்கியம். ஒரு மாதிரி வாக்கியம்:

‘வை ஹெபன் த தோர் யூ ஓப் த்ரீ மார்ட் இன்ஃகெதீன்த ஆன்வ்ராஃக் ஒன்ட்வங்ஙன்.’

முதலில் முற்று ‘ஹெபன்’. வாக்கியக் கடைசியில் அதன் எச்சம் ‘ஒன்ட்வங்ஙன்’ (பெற்று). ஆக, ‘நாங்கள் எதையோ பெற்றிருக்கிறோம்’. எதை? ‘த’ என்ற சுட்டுக்குப் பின்னால் பெயர் வரவில்லை, ‘தோர்’ வந்திருக்கிறது. அங்கே பென்சிலால் ஓர் அடைப்புக்குறி திறங்கள். பெயர் எது என்று தேடிப் போனால் ‘ஆன்வ்ராஃக்’, விண்ணப்பம். அதற்குச் சரியாக முன்னால் நிற்கும் எச்சம் ‘இன்ஃகெதீன்த’, சமர்ப்பித்த. அங்கே அடைப்புக்குறியை மூடுங்கள். உள்ளே இருப்பதை இடமிருந்து வலமாக அப்படியே தமிழாக்குங்கள்: நீங்கள் – மார்ச் 3 அன்று – சமர்ப்பித்த – விண்ணப்பம். ‘நீங்கள் மார்ச் 3 அன்று சமர்ப்பித்த விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம்.’ முடிந்தது.

சுட்டுக்குப் பின்னால் தோர், இன், ஓப், வன் போன்ற முன்னிடைச் சொல் வந்தால் அடைப்புக்குறி திறக்கிறது என்பதே அடையாளம். ‘த இன் த பைலாஃக ஃகெநூம்த தோக்யுமென்டன்’ – இணைப்பில் குறிப்பிட்ட ஆவணங்கள். ‘த இன் தென் ஹாஃக் வோனந்த ஃபமீலி’ – ஹேக் நகரில் வசிக்கும் குடும்பம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ‘ட’ என்ற சிறு சொல்லோடு அகராதி வடிவம் பெயருக்கு முன்னால் வந்தால் அது நம் ‘வேண்டிய’: ‘ஹெட் ட பெடாலன் பெத்ரஃக்’ – கட்ட வேண்டிய தொகை. பிரியும் வினையில் ‘ட’ நடுவில் புகும்: ‘த இன் ட வுலன் ஃபோர்முலீரன்’ – நிரப்ப வேண்டிய படிவங்கள். பில்லில் முதல் தொடரையும் விண்ணப்பத்தில் இரண்டாவதையும் கண்ணால் உடனே பிடிக்கப் பழகுங்கள்.

பெயருக்கு முன்னால் வரும் எச்சம் சாதாரணப் பெயரடையைப் போல ‘அ’ ஒலி ஏற்கும்: ‘ஹெட் ஸ்லாப்பந்த கின்ட்’ (தூங்கும் அந்தக் குழந்தை). ‘த’ அல்லாமல் ‘ஹெட்’ என்ற சுட்டை ஏற்கும் பெயருக்கு முன் ‘அன்’ (ஒரு) வந்தால் ஏற்காது: ‘அன் ஸ்லாப்பன்ட் கின்ட்’. ஒழுங்கற்ற வினைகளின் ‘அன்’ ஈற்று எச்சங்கள் எப்போதும் மாறாது: ‘த ஃகெபக்கன் விஸ்’, ‘த ஃகெஸ்லோட்டன் தூர்’ (மூடிய கதவு).

ஆறாம் படி: தமிழ் நம்மை அதிக தூரம் இழுத்துச் செல்லும் இடம்

தமிழ்ப் பெயரெச்சம் எந்த உறவையும் தாங்கும். சிரித்த பெண், மீன் பொரித்த அம்மா, நான் வந்த ரயில், நாங்கள் சாப்பிட்ட ஓட்டல். கேட்பவர் உறவைத் தானே ஊகித்துக்கொள்வார். டச்சு எச்சத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தமிழ் உதவுகிறது என்று நம்பி முன்னால் போகிறவர்கள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும்.

சோதனை எளிது. முடிந்த செயலின் எச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கலாமா என்று தெரிய, அந்தப் பெயரை எழுவாயாக்கி ‘இஸ்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘த விஸ் இஸ் ஃகெபக்கன்’ – சரி, ஆகவே ‘ஃகெபக்கன் விஸ்’ செல்லும். ‘த ஃகஸ்டன் ஸைன் ஆன்ஃகெகோமன்’ (விருந்தினர் வந்து சேர்ந்துவிட்டார்கள்) – இதுவும் சரி, ஆகவே ‘த ஃகிஸ்டரன் ஆன்ஃகெகோமன் ஃகஸ்டன்’, நேற்று வந்த விருந்தினர், செல்லும். ‘த வ்ரௌ இஸ் ஃகெலஃகன்’ என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சிரிக்க என்ற வினை ‘ஹெபன்’ எடுப்பது. ஆகவே ‘ஃகெலஃகன் வ்ரௌ’ செல்லாது. இந்தச் சோதனை ஏறக்குறைய எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

சோதனையில் தோற்றவற்றுக்கு ‘தி’ அல்லது ‘தட்’ போட்டுப் பெயருக்குப் பின்னால் துணை வாக்கியம் எழுதுங்கள். சிரித்த பெண் – ‘த வ்ரௌ தி ஃகெலஃகன் ஹேஃப்ட்’. மீன் பொரித்த அம்மா – ‘த மூதர் தி த விஸ் ஃகெபக்கன் ஹேஃப்ட்’. நான் வந்த ரயில் – ‘த ட்ரைன் வார்மே இக் ஃகெகோமன் பென்’. இங்கே ‘வார்மே’ என்பது ‘எதனால்’ என்ற உறவை வெளிப்படையாகச் சொல்கிறது.

நடக்கும் செயலின் எச்சமும் இப்படித்தான். அது செய்பவரை மட்டுமே குறிக்கும். ‘ஹெட் லேஸந்த கின்ட்’ என்றால் படிக்கும் குழந்தை. ‘நான் படிக்கும் புத்தகம்’ என்பதற்கு ‘லேஸந்த புக்’ என்று சொன்னால் புத்தகமே உட்கார்ந்து படிப்பதாகிவிடும். ‘ஹெட் புக் தட் இக் லேஸ்’ என்பதே சரி.

ஏழாம் படி: வினையெச்சம் போல வரும் தொடர்கள்

‘சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்’ – ‘லஃகன்ட் க்வம் ஸை பின்னன்.’ ‘வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போனேன்’ – ‘டௌஸ்ஃகெகோமன் ஃகிங் இக் மெடேன் ஸ்லாப்பன்.’ எச்சத் தொடர் முழுவதும் முதல் கூறாக எண்ணப்படுகிறது, முற்று உடனே அடுத்து வருகிறது, எழுவாய் அதற்குப் பின்னால். பேச்சில் நிலைத்துவிட்ட தொடர்களுக்கும் இது பொருந்தும்: ‘ஏர்லக் ஃகெஸெஃக்ட் பெஃக்ரைப் இக் ஹெட் நீட்’ – உண்மையைச் சொன்னால் எனக்குப் புரியவில்லை.

எச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில் டச்சு கண்டிப்பானது. ‘மழை பெய்து சாலை நனைந்தது’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். பெய்தது மழை, நனைந்தது சாலை. டச்சில் ‘ஓம்தட் ஹெட் ஃகெரேஃகன்ட் ஹட், வஸ் த ஸ்ட்ராட் நட்’ என்று துணை வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள். ‘உட்ரெக்ட் வந்து சேர்ந்ததும் மழை தொடங்கியது’ என்பதை எச்சத் தொடரில் எழுதினால், மழைதான் உட்ரெக்டுக்கு வந்து சேர்ந்தது என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார். ‘டூன் இக் இன் உட்ரெஃக்ட் ஆன்க்வம், பெஃகோன் ஹெட் ட ரேஃகனன்’ என்று எழுதுங்கள்.

‘சாப்பிட்டுவிட்டு’, ‘குளித்துவிட்டு’ என்று நாம் அடுக்கும் செயல்களுக்கு டச்சு எச்சம் உதவாது. ‘நாதட் இக் ஃகெஃகேட்டன் ஹட், ஃகிங் இக் நார் மைன் வெர்க்’ என்று சொல்லலாம். இன்னும் சுருக்கமாக ‘நா ஹெட் ஏட்டன்’ (சாப்பாட்டுக்குப் பிறகு) என்று தொடங்கலாம். பேசும்போது இரண்டாவதுதான் காதுக்கு இனிமை.

‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘இக் பென் லேஸன்ட்’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து அமைத்துவிடாதீர்கள். ‘இக் பென் ஆன் ஹெட் லேஸன்’ என்பது ஒரு வழி. ‘இக் ஸிட் ட லேஸன்’ என்பது இன்னொன்று. படித்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்பது போல. நின்று சமைத்தால் ‘ஸ்டா’, படுத்துத் தூங்கினால் ‘லிஃக்’. உடம்பின் நிலையையும் சேர்த்துச் சொல்லும் இந்த வழக்கு அன்றாடப் பேச்சில் நிறைய வரும். இதைச் சரளமாகப் பயன்படுத்துபவரின் டச்சு சட்டென்று உள்ளூர்த்தனம் பெற்றுவிடுகிறது.

எட்டாம் படி: வந்தவர், படித்தவர்

வினையாலணையும் பெயர் டச்சிலும் உண்டு. எச்சத்தோடு ‘அ’ சேர்த்தால் ஆளைக் குறிக்கும் பெயர். காப்பீட்டுக் கடிதத்தில் ‘த வெர்ஸேகர்த’ என்றால் காப்பீடு செய்யப்பட்டவர், அதாவது பெரும்பாலும் நீங்கள்தான். ‘பெட்ரொக்கன’ – சம்பந்தப்பட்டவர். ‘ஒந்தர்ஃகெடேகந்த’ – கீழே கையெழுத்திட்டவர். ‘ஓவர்லேதன’ – இறந்தவர். பெயருக்கு முன்னால் மாறாமல் நின்ற ‘அன்’ ஈற்று எச்சங்கள்கூட இங்கே ‘அ’ ஏற்பதைக் கவனியுங்கள். பலரைக் குறிக்க எழுத்தில் கடைசியில் ஒரு ‘ன்’ சேரும்.

பயிற்சிக்கு என்ன செய்யலாம்

வீட்டுக்கு வரும் அடுத்த அரசாங்கக் கடிதத்தையோ வாடகை ஒப்பந்தத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தி போதும். முற்றுக்கு ஒரு நிறம், எச்சத்துக்கு ஒரு நிறம், பெயருக்கு முன்னால் திறக்கும் அடைப்புக்குறிகளுக்குப் பென்சில். அகராதியை அதற்குப் பிறகு திறங்கள். முதலில் சொற்பொருள் தேடினால் ஐந்தாவது சொல்லில் களைத்துவிடுவீர்கள். முதலில் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தால் பாதிச் சொற்களுக்குப் பொருள் தேடவே தேவையிருக்காது.

எழுதிப் பழக, தமிழில் ஒரு பெயரெச்சத் தொடரை எழுதி, ‘இஸ்’ சோதனையைப் போட்டு, முன்னால் வைக்கலாமா பின்னால் துணை வாக்கியமாக்கலாமா என்று தீர்மானித்து டச்சில் எழுதுங்கள். ‘நேற்று வாங்கிய அரிசி’, ‘நேற்று தூங்கிய அறை’, ‘நேற்று வந்த கடிதம்’, ‘நேற்று அழுத குழந்தை’ என்ற நான்கில் தொடங்கலாம். முதலாவதும் மூன்றாவதும் முன்னால் வரும், மற்ற இரண்டும் வராது. காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால் ஆறாம் படி கைவந்துவிட்டது.

இது சரியா, அது சரியா என்ற ஐயம் வந்தால் மொழி ஒன்றியமான டால்யுனீ இணையத்தில் இலவசமாகத் தரும் மொழி அறிவுரைப் பக்கங்களைப் பாருங்கள். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980இல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய அமைப்பு அது. 2004 முதல் சுரிநாமும் இணைந்திருக்கிறது. ‘ரோத வோல்ஃகோர்த’, ‘ஃக்ரூன வோல்ஃகோர்த’ என்று சிவப்பு, பச்சை வரிசைகளின் பெயரைத் தேடினாலே விளக்கம் எடுத்துக்காட்டுகளோடு வந்துவிடும். டச்சிலேயே எழுதியிருப்பார்கள். அடைப்புக்குறி போட்டுப் படியுங்கள்.